மாற்றுவழியும் பழைய நோயும்: இருதயச் சத்திரசிகிச்சையின் பின் தோன்றும் புதிய அடைப்புகள் குறித்து

இருதயத்தில் மாற்றுவழிச் சத்திரசிகிச்சை, அதாவது பேச்சுவழக்கிற் ‘பைபாஸ்’, செய்துகொண்ட ஒருவருக்கு எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் நெஞ்சு நோகத் தொடங்குமிடத்து, அவரும் அவரைச் சூழ்ந்தோரும் முதலில் எழுப்பும் வினா ஒன்றுண்டு: ‘எல்லாவற்றையும் வெட்டிச் சரிப்படுத்தினார்களே, பிறகு எப்படி அடைத்தது?’ இவ்வினாவினுள்ளே ஒரு முழு உலகநோக்கே பொதிந்து கிடக்கிறது. உடலை ஓர் இயந்திரமாகவும், நோயை அதிற் பழுதுபட்ட பாகமாகவும், சத்திரசிகிச்சையைப் பழுதுபார்த்தலாகவும் கருதும் நோக்கு அது. பழுதுபார்த்த இயந்திரம் மறுபடியும் நின்றுவிடுமாயின், ஒன்றில் வைத்தியர் பிழை விட்டிருக்க வேண்டும், அல்லது நோயாளி வாயைக் கட்டாது இருந்திருக்க வேண்டும், இரண்டுமில்லையெனில் தலையெழுத்து. இம்மூன்று விடைகளும் ஒன்றுக்கொன்று மாறானவை போலத் தோன்றினும், நோய் என்பது ஒரு பொருளன்று, அது ஒரு நிகழ்முறை, அதற்கென ஒரு வரலாறு உண்டு என்ற உண்மையை மறைப்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன.

இலக்கிய மாணவனொருவன் இருதய நோயைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆனால் நோயைச் சுட்டும் சொற்களும் உருவகங்களும் நமது ஆய்வெல்லைக்கு உட்பட்டவையே. சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட ‘நோய் என்னும் உருவகம்’ என்ற நூலில், காசநோயும் புற்றுநோயும் எத்தனையோ கற்பனைகளைச் சுமந்து நிற்க, இருதய நோய் மாத்திரம் வெறும் இயந்திரக் கோளாறாகக் கருதப்பட்டு, வெட்கத்துக்கு இடமின்றி வெளிப்படையாகப் பேசப்படுவதை எடுத்துக்காட்டினார். இது நோயாளிக்கு ஒருவகையில் நன்மையே. ஆயினும் இயந்திரம் என்பதும் ஓர் உருவகமே என்பதை நாம் மறந்துவிடலாகாது. சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் ‘இனிப் பயமில்லை’ என்று மாத்திரைகளைக் கைவிடுவதற்கு அவ்வுருவகமும் ஒரு காரணமாகிறது.

நிகழ்வதை முதலில் விளங்கிக்கொள்வோம். இருதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்பவை முடியுரு நாடிகள் எனப்படும். மூன்று, நான்கு மில்லிமீற்றர் அகலமேயுள்ள இந்நாடிகளின் உட்சுவரினுள் கொழுப்பு படிந்து, அதனைச் சுற்றி அழற்சி தோன்றி, நாளடைவில் தழும்பும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து தடிக்கின்றன. வாய்க்காலில் மண் சேர்வது போன்றதன்று இது, சுவரே நோயுறுகிறது. இந்நிகழ்முறை முதுமையில் தொடங்குவதுமன்று. கொரிய யுத்தத்தில் மாண்ட 300 அமெரிக்கப் படையினரின் இருதயங்களைப் பரிசோதித்த வைத்தியர்கள், சராசரி வயது 22 மாத்திரமேயான அவ்விளைஞருள் நூற்றுக்கு 77 பேரிடம் இந்நோயின் அடையாளங்களைக் கண்டு 1953இல் வெளியிட்டனர். எனவே ஐம்பதாவது வயதில் வெளிப்படும் அடைப்பு, முப்பது ஆண்டுகளாக எழுதப்பட்டுவந்த ஒரு வரலாற்றின் ஒரு பக்கமே எனலாம்.

நாடிச் சுவரின் இம்மாற்றத்தை அழற்சியாக இனங்கண்ட முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்மானிய வைத்தியரான ருடொல்ப் வீர்ஹோ. குருதிக்கலனினுள் உறையும் குருதிக்கட்டி பற்றிய அடிப்படைக் கருத்துகளும் அவருடையனவே. அதே வீர்ஹோதான் 1848இல் மேற் சிலேசியாவில் தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்று, அந்நோய்க்கு மருந்தாக மக்களாட்சியையும் கல்வியையும் வளவாழ்வையும் விதந்துரைத்தவர். நாடிச் சுவரை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியவரும், நெசவாளரின் குடிசையை நோக்கியவரும் ஒருவரே என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னாளில் இவ்விரு பார்வைகளும் வெவ்வேறு துறைகளாகப் பிரிந்தமை நோயாளிக்கு நட்டமாகவே முடிந்தது.

மாற்றுவழிச் சத்திரசிகிச்சை நோயுற்ற நாடியைத் தொடுவதில்லை. அதனைச் சுற்றிச் செல்ல ஒரு புதிய பாதை அமைக்கிறது. இதன் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க வரலாறாகவே கூறப்படுவது வழக்கம். 1964இல் லெனின்கிராட்டில் வசீலி கொலேசொவ், மார்பின் உட்புறமாக ஓடும் உள்மார்பு நாடியை முடியுரு நாடியுடன் தைத்து இணைத்தார். அவரது கட்டுரை 1967இல் அமெரிக்க சஞ்சிகையொன்றில் வெளிவந்தபோதிலும் உரிய கவனத்தைப் பெறவில்லை. அவ்வாண்டிலேயே கிளீவ்லாந்தில் ரெனே பவலோரோ காலிலிருந்து எடுத்த நாளத்தைப் பயன்படுத்திச் செய்த முறை உலகெங்கும் பரவியது. பவலோரோ ஆர்ஜன்டீனாவின் பம்பா சமவெளியில் ஏழை விவசாயிகளிடையே கிராம வைத்தியராகப் பல்லாண்டு பணியாற்றிவிட்டு அமெரிக்கா சென்றவர். பின் தாய்நாடு திரும்பித் தாம் நிறுவிய வைத்திய நிறுவனம் கடனில் மூழ்கியதால் மனமுடைந்து 2000இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியாவில் இச்சத்திரசிகிச்சையை முதன்முதலாக வெற்றியுடன் செய்தவர் கே. எம். செரியன். 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே வைத்தியசாலையில், அதாவது தொழிலாளருக்கென அமைந்த ஓர் அரசாங்க வைத்தியசாலையில், அது நிகழ்ந்தது.

காலிலிருந்து எடுக்கப்படும் நாளமே நமது பொருளின் மையம். காலில் இருக்கும்வரை அந்நாளத்தினுள் குருதி துடிப்பின்றி மெல்ல ஓடுகிறது; அதன் சுவர் மெல்லியது; அங்கு அதற்கு இந்நோய் வருவதில்லை. அதனையே எடுத்து நாடியின் இடத்தில் வைக்கும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் 120 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துடன் குருதி வந்து மோதுகிறது. முதல் மாதத்தில் சில நாளங்கள் குருதி உறைவதால் அடைபடுகின்றன. தப்பியவை அடுத்த ஓராண்டினுள் புதிய அமுக்கத்துக்கு ஈடுகொடுக்கும்பொருட்டுத் தம் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கின்றன. அத்தடிப்பின்மீதே பின்வரும் ஆண்டுகளில், முடியுரு நாடியிற் பல தசாப்தங்களில் நிகழ்ந்த அதே நோய் விரைவாகக் குடியேறுகிறது. முதலாண்டு முடிவில் நாளங்களுள் நூற்றுக்கு 10 முதல் 20 வரையும், பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ அரைவாசியும் அடைபடுகின்றன என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணிப்பு. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு உதாரணம் தேடி எப்போதும் நீரின் கொதிநிலைக்கே ஓடும் நம்மவர்கள் இந்நாளத்தையும் சற்று எண்ணிப்பார்க்கலாம். நாளம் தன் இயல்பினாற் கெடவில்லை. வைக்கப்பட்ட சூழல் அதன் இயல்பையே மாற்றிவிட்டது.

உள்மார்பு நாடி இவ்வாறன்று. அது பிறப்பிலேயே நாடி, அமுக்கத்துக்குப் பழகியது, தன்னை விரித்துக் காக்கும் பதார்த்தத்தைத் தானே கூடுதலாகச் சுரப்பது. இருதயத்தின் முன்புறமாக இறங்கும் இடது நாடியுடன் இணைக்கப்பட்ட உள்மார்பு நாடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பத்தாண்டுகளின் பின்னரும் திறந்திருக்கின்றன. கிளீவ்லாந்து வைத்தியர்கள் இதனால் ஆயுள் நீடிப்பதை 1986இல் நிறுவினர். கொலேசொவ் கைக்கொண்ட நாடியின் மேன்மை உலகிற் பரவலாக ஏற்கப்பட இருபதாண்டுகளுக்கு மேல் சென்றன.

இவற்றுடன் மூன்றாவதொரு காரணமும் உண்டு. சத்திரசிகிச்சையின்போது நோயற்றிருந்த, அல்லது இலேசாக மட்டும் நோயுற்றிருந்த பழைய நாடிகளில் நோய் தன்பாட்டில் வளர்ந்துகொண்டே போகிறது. புகையிலை, நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கொலஸ்திரோல் என அதனை வளர்க்கும் காரணிகள் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே அப்படியே காத்திருக்கின்றன.

முன்னாள் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் 1990இல் பிரித்தானியாவில் முதலாவது மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டார். இடையில் நாடியை விரிக்கும் சிகிச்சையொன்றும் நடந்தது. 2009 ஜனவரியில், பதவியில் இருக்கும்போதே, புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் இரண்டாவது மாற்றுவழிச் சத்திரசிகிச்சை அவருக்கு நடைபெற்றது. அதன்பின் ஐந்தாண்டுகள் ஆட்சி நடத்தி, 2024 டிசம்பரில் 92ஆவது வயதிலேயே காலமானார். அமெரிக்க முன்னாள் சனாதிபதி பில் கிளின்டனுக்கு 2004இல் நான்கு மாற்றுக்குழாய்கள் பொருத்தப்பட்டன. 2010இல் அவற்றுளொன்று அடைபட்டமை தெரியவரவே, அக்குழாயை விடுத்து, அவரது சொந்த நாடியினுள் இரண்டு ‘ஸ்டென்ட்’ கம்பிவலைக் குழாய்கள் வைக்கப்பட்டன. உலகின் தலைசிறந்த வைத்தியர்கள் சூழ்ந்திருந்த இவர்களுக்கே புதிய அடைப்பு ஏற்பட்டதெனில், அதனை வைத்தியரின் பிழையென்றோ நோயாளியின் குற்றமென்றோ கூறுதல் பொருந்தாது. ஆனால் இவர்களின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அடைப்பு மீண்டபோது அது உரிய காலத்தில் அறியப்பட்டது. அறிந்தவுடன் சிகிச்சை கிடைத்தது. இரண்டாவது அடைப்பில் வர்க்க வேறுபாடு வெளிப்படும் இடம் இதுவே.

இதனை நமது மண்ணில் வைத்து நோக்குவோம். அவிசாவளையிலிருந்து அற்றன் செல்லும் வீதியில், ருவன்வெல்லைக்கு அண்மையில் உள்ளது கரவனெல்ல. அங்குள்ள ஆதார வைத்தியசாலையே யட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, தெரணியகலை, புளத்கொகுப்பிட்டிய ஆகிய பகுதிகளின் றப்பர், தேயிலைத் தோட்ட மக்கள் பலர் நாடிச்செல்லும் பெரிய வைத்தியசாலை. நோயும் அரசியலும் சந்தித்த பழைய களம் இது. 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் கொண்டு இக்கிராமங்களுக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குத் தெரிவானார். கொயினா மாத்திரம் போதாது, பட்டினிகிடக்கும் உடலில் மருந்து வேலைசெய்யாது என்பதை அவர்கள் அன்று கண்டனர்.

இருதய நோய் பணக்காரரின் நோய், மலையேறி உழைப்பவனை அது அணுகாது என்ற நம்பிக்கை தோட்டங்களிலும் உண்டு, படித்தவரிடையேயும் உண்டு. பிரித்தானிய அரசாங்க ஊழியரிடையே 1967இல் தொடங்கப்பட்ட வைற்ஹோல் ஆய்வு இதனைத் தகர்த்தது. கடைநிலை ஊழியரிடையே முடியுரு நாடி நோயால் ஏற்படும் மரணம், உயர் நிர்வாகிகளிடையே உள்ளதைப் போல 3.6 மடங்கு என 1978இல் அவ்வாய்வு காட்டியது; புகைத்தல், கொலஸ்திரோல் முதலியன இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தை பிற்காலத்தில் இந்நோய்க்கு எளிதில் ஆளாவதை டேவிட் பார்க்கர் 1989இலிருந்து எடுத்துக்காட்டிவந்தார். இலங்கையில் நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டத்துறையிலேயே நிறை குறைந்த பிறப்புகள் அதிகம் என்பது நாடளாவிய மதிப்பீடுகள் பலவற்றில் தொடர்ந்து வெளிப்படும் உண்மை. கர்ப்பிணியான கொழுந்து பறிப்பவளின் தட்டில் இல்லாதது, ஐம்பதாண்டுகளின் பின் அவள் மகனது நெஞ்சில் வலியாகிறது. அதன்மேல் கோதுமைமா ரொட்டியும், சீனி மிகுந்த தேநீரும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் சேர்கின்றன.

இப்பகுதித் தொழிலாளி ஒருவர் மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்துகொள்வது அரிதன்று. கொழும்பு, கண்டி, கராப்பிட்டிய ஆகிய இடங்களிலுள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் அது இலவசமாகவே செய்யப்படுகிறது. காத்திருக்க வேண்டும்; ஆனால் கிடைக்கிறது. இலவச வைத்தியத்தின் இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது தகாது. இடர்ப்பாடு அதன்பின்னரே தொடங்குகிறது. பிளந்த மார்பென்பு பொருந்துவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். அதன்பின் நடை நல்லது, உழைப்பும் நல்லது என்பார் வைத்தியர். ஆனால் வைத்தியர் விதிக்கும் நடையும், நிறை குறைந்தால் சம்பளம் வெட்டப்படும் என்ற அச்சத்துடன் ஏறும் மலையும் ஒன்றல்ல. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது; ஆயினும் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மாதத்தில் ஒருநாள் கிளினிக் செல்வதென்பது ஒரு பேரை இழப்பது. பஸ் செலவு வேறு. எனவே கிளினிக் கொப்பியை வேறொருவரிடம் கொடுத்தனுப்பி மாத்திரையை மட்டும் பெற்றுக்கொள்கின்றனர். மாத்திரை வருகிறது, மூன்று மாதமாகப் படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்ற செய்தி வைத்தியரிடம் போவதில்லை.

செய்தி போனாலும் மொழி குறுக்கிடுகிறது. தமிழ் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாயிற்று. சப்பிரகமுவ வைத்தியசாலைக் கட்டிலருகே அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. தொழிலாளி தன் வலியை ‘நெஞ்சு அடைக்குது’, ‘நெஞ்சு கரிக்குது’, ‘வாய்வு பிடிச்சிருக்கு’ என்று கூறுகிறார். நோயை வளி முதலாக எண்ணும் மரபு திருக்குறளின் மருந்து அதிகாரத்திலேயே காணப்படுவது. அதன் தொன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் வாய்வு என்ற ஒரு சொல், எத்தனையோ பேரை இஞ்சியும் பெருங்காயமும் குடிக்கவைத்து, வைத்தியசாலைக்குப் பிந்தி அனுப்பியிருக்கிறது. மார்பு, அடைப்பு என்ற இரு சொற்களால் ‘மாரடைப்பு’ எனப் பெயரிட்ட நமது மொழி நோயின் தன்மையை நன்கு பற்றிக்கொண்டதே. எனினும் அச்சொல் விழுந்து சாகும் கணத்துக்கு ஒதுக்கப்பட்டு, அதற்கு முந்திய மாதங்கள் வாய்வின் வசம் விடப்பட்டுள்ளன. ஏறும்போது வந்து, நின்றால் தணியும் நெஞ்சிறுக்கம் வாய்வன்று. நீரிழிவுள்ளவரிடமும் பெண்களிடமும் வலியே இன்றி, இளைப்பும் களைப்பும் மாத்திரம் தோன்றுவதுமுண்டு.

புதிய அடைப்பு உறுதியானால் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது மருந்து: குருதி உறைவதைக் குறைக்கும் அஸ்பிரின், கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின், இருதயத்தின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை, வலி வரும்போது நாக்கின்கீழ் வைக்கும் நைத்திரேற்று. (கடைசியாகக் கூறியது வெடிமருந்துத் தொழிற்சாலைகளிற் கையாளப்பட்ட அதே நைத்திரோகிளிசரின், ஓய்வுநாளில் அதன் தொடர்பு அற்றதும் அத்தொழிலாளர் சிலருக்கு நெஞ்சுவலி வந்தமை தொழில் மருத்துவத்தின் அறியப்பட்ட கதை.) சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1,351 பேரிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வொன்றில், கெட்ட கொலஸ்திரோலை நன்கு குறைத்தவர்களின் மாற்றுக்குழாய்களில் நூற்றுக்கு 27உம், ஓரளவே குறைத்தவர்களிடம் நூற்றுக்கு 39உம் நோய் முற்றியிருந்தன. ஒரு மாத்திரையை நிறுத்துவதற்கும் நிறுத்தாமைக்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்விலக்கங்கள் காட்டுகின்றன.

இரண்டாவது, வடிகுழாயைச் செலுத்தி அடைப்பை விரித்தல். அன்ட்ரியாஸ் குருன்ற்சிக் 1977இல் சூரிச்சில் தொடக்கிவைத்த இம்முறையில் இன்று ஸ்டென்ட் வைக்கப்படுகிறது. பழைய நாளக் குழாயினுள் வைப்பதைவிட இயலுமாயின் சொந்த நாடியினுள் வைப்பதையே வைத்தியர் விரும்புவர். நாளத்திலுள்ள படிவு உதிர்ந்து கீழ்நோக்கிச் செல்லக்கூடியது. இங்கும் இயந்திர உருவகம் நம்மை ஏமாற்றும். திடீர் மாரடைப்பில் ஸ்டென்ட் உயிர்காக்கும். நிலையான நெஞ்சுவலியில் அது வலியைக் குறைக்கிறதேயன்றி, நல்ல மருந்துச் சிகிச்சைக்கு மேலாக ஆயுளை நீட்டவில்லை என 2007இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டிற்று. மூன்றாவது, மீண்டும் சத்திரசிகிச்சை. மார்பென்பின் பின்னே பழைய தழும்புகள் ஒட்டிக்கிடப்பதாலும், உயிரோட்டமுள்ள உள்மார்பு நாடி அவ்விடத்தில் காயப்படக்கூடுமாதலாலும், எடுப்பதற்கு நல்ல நாளம் எஞ்சியிராமையாலும், முதலாவதைவிட இது ஆபத்து மிகுந்தது. ஆகவே தெரிந்தெடுக்கப்பட்டோருக்கே செய்யப்படுகிறது.

இம்மூன்றில் எதனைத் தேர்வதற்கும் வைத்தியருக்கு ஒரு தகவல் தேவை. முன்னர் எத்தனை குழாய்கள், எங்கிருந்து எடுத்து, எந்த நாடிகளில் தைக்கப்பட்டன என்பதே அது. வைத்தியசாலை அன்று கொடுத்த ‘டயக்னோசிஸ் காட்’டில் அது எழுதப்பட்டிருக்கும். கூரை ஒழுகும் லயக்காம்பறாவில் பத்தாண்டுகள் ஒரு கடதாசியைப் பேணுவது எளிதன்று. நோயாளி வாசிக்க இயலாத ஆங்கிலத்திலிருப்பதால் அதன் பெறுமதியும் அவருக்குத் தெரிவதில்லை. படித்த பிள்ளைகள் அதனைப் படம்பிடித்துத் தம் தொலைபேசியில் வைத்திருத்தல் இன்று செய்யக்கூடியதே. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள நம் மாணவர் இதனைத் தம் வீடுகளிலிருந்தே தொடங்கலாம்.

மருந்து கிடைப்பதும் ஓர் அரசியற் பிரச்சினையே. சமசமாஜ இயக்கத்தைச் சார்ந்த மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரசாங்க மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தை அமைத்து, வர்த்தகப் பெயருக்கன்றி மருந்துக்கே விலை கொடுக்கும் கொள்கையை நிலைநாட்ட முயன்றார். அஸ்பிரினும் ஸ்டாட்டினும் இன்று வர்த்தகப் பெயரின்றி மலிவாகக் கிடைப்பவை. ஆயினும் 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கையை விரித்தபோது அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு தோன்றியது; ‘வெளியில் வாங்குங்கள்’ என எழுதிய துண்டுகள் நோயாளரின் கைக்கு வந்தன. ஒரு நாட்சம்பளத்தை மாத்திரைக்கும் அரிசிக்கும் பங்கிடவேண்டியவர் எதனைக் குறைப்பார் என்பதை ஊகித்தல் கடினமன்று. ஒன்றுவிட்டொருநாள் மாத்திரை விழுங்கும் பழக்கம் இவ்வாறே உண்டாகிறது. ‘வாயைக் கட்டாதவர்’ எனப் பின்னர் ஏசப்படுபவரும் இவரே.

ஓய்ந்திருக்கும்போதும் நெஞ்சிறுக்கம் வந்து, நாக்கின்கீழ் மாத்திரை வைத்தும் ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால், அதுவும் முன்னர் சத்திரசிகிச்சை செய்தவராயின், கிளினிக் நாளுக்குக் காத்திருத்தலாகாது. 2016இல் தொடங்கி இப்போது நாடு முழுவதும் இயங்கும் 1990 இலவச அம்புலன்ஸ் சேவைக்கு அறிவிக்கலாம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயருடன் பிரிவின் பெயரையும், லயத்துக்கு மிக அண்மையில் வாகனம் வந்து நிற்கக்கூடிய இடத்தையும் சேர்த்துக் கூறவேண்டும். பல பிரிவுகளில் லயத்துவரை வாகனம் செல்வதில்லை. அங்கிருந்து வீதிவரை நோயாளியை நடக்கவிடாது தூக்கிவரவேண்டும்.